சரிவில் வெளிமுற்றம் அமைக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தடுப்புச்சுவரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் வீட்டின் பின்புறச் சரிவைப் படியாக வெட்டித் தளம் போட்டு, கல் இருக்கையும் குளிர்காய அடுப்பும் வைத்து வெளிமுற்றமாக்கித் தருகிறோம் என்று சொல்லி வேலை எடுப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்து, ஒரே பருவமழையில் தடுப்புச்சுவரையும் தளத்தின் பாதியையும் இழந்திருக்கிறோம். புகார் விசாரணையில் இருப்பதால் ஒப்பந்தக்காரரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய முறையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் நிலம் கோத்தகிரிக்குச் சற்று வெளியே, வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஓடையை நோக்கி இறங்கும் சரிவு. பல ஆண்டுகளாகக் கவனிப்பாரின்றி உண்ணிச்செடியும் சீகைக் கன்றுகளும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதை இரண்டு படிகளாக வெட்டி, கீழ்ப்படியை ஏழடி உயரக் கருங்கல் சுவரால் தாங்கி, மேலே பேவர் கல் பதிப்பதாக ஏற்பாடு. கடைக்காலின் ஆழம், சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புதல், நீர்வடி குழாய்கள், மேற்சரிவில் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் ஆகிய அனைத்தும் கொட்டேஷனில் எழுத்தாகவே இருந்தன. அவற்றுக்கான தொகையும் தனித்தனியாகப் போடப்பட்டிருந்தது.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு, பிப்ரவரியில் தொடங்குவதாகச் சொன்ன வேலையைத் தள்ளிக்கொண்டே போய், செப்டம்பரில்தான் ஆட்களை இறக்கினார். நீலகிரியின் மேற்குப் பகுதிகள் தென்மேற்குப் பருவத்தில் நனைகின்றன என்றால், கிழக்கு முகமான கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே பெருமழைக் காலம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதையும், அந்த மழையில் மாவட்டமெங்கும் மண் சரிந்து உயிர்கள் போனதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட பருவத்தின் வாசலில், புதரை வேரோடு பிடுங்கிச் சரிவு முழுவதையும் வெற்று மண்ணாக்கினார்கள். மழைக்கு முன் சுவர் வேண்டிய இடத்தை மட்டும் சுத்தம் செய்து, மேற்சரிவின் வேர்களை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் இருப்பவருக்குத் தெரியாத செய்தியன்று.

இந்த மாவட்டத்தில் பொக்லைன் இயந்திரத்தை இறக்க நிர்வாகத்தின் அனுமதி தேவை. “அதெல்லாம் வாங்கியாச்சு சார்” என்றவரிடம் தாளைக் காட்டச் சொன்னபோதெல்லாம் நாளை என்பதே பதிலாக இருந்தது. ஒரு மாலையில் நாங்கள் வெளியே சென்றிருந்த வேளையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து வெட்டத் தொடங்கிவிட்டார். வருவாய்த் துறையினர் வந்து நிறுத்தினார்கள். வண்டி போய்விட்டது, நோட்டீஸ் நிலத்தின் உரிமையாளர் பெயருக்கு வந்தது. எல்லையோரம் நின்ற இரண்டு சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றுச் செலவில் கழித்துக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதை எடுத்துச் சொன்ன பிறகே அந்தப் பேச்சு நின்றது.

நவம்பர் மழையில் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியது. அடுத்த இரவில் தளத்தோடு ஓடைப்பக்கம் சரிந்தது. வெளியே இரண்டு வரிசையாக நீர்வடி குழாய்கள் அழகாகத் தெரிந்தன அல்லவா, அவை அனைத்தும் ஒரு சாண் நீளத் துண்டுகள். முகப்பில் செருகி, பின்னால் கலவையால் அடைக்கப்பட்டிருந்தன. ஜல்லி ஒரு கூடைகூட இல்லை. வெட்டிய மண்ணையும் பிடுங்கிய செடிகளையும் போட்டு மூடியிருந்தார்கள். கருங்கல்லின் எடையாலேயே நிற்க வேண்டிய சுவருக்கு அடியகலம் உயரத்தில் பாதியளவாவது வேண்டும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. எங்கள் ஏழடிச் சுவருக்கு அது ஒன்றரை அடிதான் இருந்தது. வெறும் மண் தரும் பக்கவாட்டு அழுத்தத்தோடு ஒப்பிட்டால், பின்னால் தண்ணீர் வடிய வழியின்றி நிற்கும்போது அது ஏறக்குறைய இருமடங்காகிறது. தாங்குகிற அகலத்தையும் திருடி, வடிகிற வழியையும் அடைத்த சுவர் வேறெப்படி நிற்கும்?

இடிபாட்டைப் பார்க்க வந்த உள்ளூர் மேஸ்திரி, சரியாமல் மிஞ்சியிருந்த ஓரத்துக் குழாயைக் காட்டி, “ஒரு கம்பிய விட்டுப் பாருங்கண்ணா” என்றார். ஒரு சாணிலேயே கம்பி நின்றுவிட்டது. எந்தச் சுவரிலும் இதை யாரும் செய்து பார்க்கலாம்: கம்பி சுவரின் முழுக் கனத்தையும் கடந்து பின்னால் இருக்கும் ஜல்லியில் முட்ட வேண்டும்.

ஒப்பந்தக்காரர் இதை இயற்கைச் சீற்றம் என்கிறார். அதே மழையில், எங்களுக்கு அடுத்த தோட்டத்தில் சிமென்ட் இல்லாமல் அடுக்கிய பழைய கல்வரப்புகள் ஒரு கல்கூட நகராமல் நின்றன. கல்லிடுக்குகளின் வழியே நீர் கசிந்து போய்விடுவதால் அவற்றுக்குப் பின்னால் நீரழுத்தம் சேர்வதே இல்லை. சீற்றம் எங்கள் வேலிக்குள் மட்டும் வந்ததாகச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

மூடப்படும் வேலையை மூடுவதற்கு முன் பார்ப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைக்கால் குழி திறந்திருக்கும்போது அளவுநாடா தெரியும்படி படம், பின்புறம் ஜல்லி ஏறும்போது படம், அதன் பிறகே அடுத்த தவணை என்று இருக்க வேண்டும். ‘சுவர் முடிந்ததும்’ என்ற தவணையில்தான் எங்கள் பணத்தின் பெரும்பகுதி போனது. சுவர் நான்கடியைத் தாண்டினால் ஒப்பந்தக்காரருக்குத் தொடர்பில்லாத கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் வரைபடம் தனியாக வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகல் கைக்கு வராமல் இயந்திரத்தை வாயிலுக்குள் விடாதீர்கள். பாதிக்கப்பட்டிருந்தால், இடிபாட்டை அகற்றும் முன் பொறியாளரின் ஆய்வறிக்கையையும் படங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டுகிறார்கள்.

நாங்கள் அவ்வாறே புகார் கொடுத்திருக்கிறோம். அந்தக் குழு இதற்குள் குன்னூர்ப் பக்கம் வேறொரு வேலைக்கு முன்பணம் கேட்டிருக்கிறது. தங்கள் திறமைக்குச் சான்றாக அவ்வீட்டாரிடம் காட்டிய படங்களில் எங்கள் முற்றமும் இருக்கிறது, அக்டோபரில் எடுத்தது.