மாட்டு உண்ணிக்கு அமிட்ராஸ் 12.5%: கொட்டகையையும் சேர்த்துத் தெளித்தால்தான் பலன்

கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் இந்தத் திரவம் நன்றாகவே கேட்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி போதும். காதுமடலின் உள்பக்கம், கழுத்துத் தொங்குசதை, மடி, வாலடி நன்றாக நனைய வேண்டும்; முதுகில் மட்டும் தெளித்துவிட்டு மருந்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலுக்குள் 2000க்கும் மேல் முட்டையிடும். ஒரே தெளிப்பில் அவ்வளவும் அழியாது. சாணம், குப்பையை வழித்தெடுத்து, தரையிலும் விரிசல்களிலும் தெளித்து, 15 நாளில் மாட்டுக்கும் கொட்டகைக்கும் மறுபடி அடியுங்கள். விரிசலைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டால் உண்ணித் தொல்லை குறையும்.

கரைத்ததை அன்றே தீர்க்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கையுறை கட்டாயம். குதிரைக்கு இது ஆபத்து, தெளிக்கவே கூடாது.