லினக்ஸ் ப்ராக் ஃபைல்கள்: பல வருஷம் புழங்கிய பிறகு

சர்வர் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எழுதுவதே பிழைப்பு என்பதால் ப்ராக் டைரக்டரியோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), மெமரி, நெட்வொர்க் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் இருக்கும் தகவல்கள் அங்கே டெக்ஸ்டாகவே கிடைக்கும். எந்த டூலும் இல்லாத கண்டெய்னருக்குள் (தனியாகப் பிரித்து வைத்த குட்டிச் சூழல்) மாட்டிக்கொண்டால்கூட ஃபைலை அப்படியே திரையில் காட்டும் கேட் கமாண்ட் போதும், அங்கே இருக்கும் மெம்இன்ஃபோ ஃபைலைத் திறந்து மெமரி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடலாம். இதற்கு முழு மார்க்.

அதையே புரோகிராம் படிக்கும்போதுதான் தலைவலி. கெர்னல் தன்னிடம் எண்ணாக இருப்பதை எழுத்தாக்கித் தருகிறது, நாம் அதைப் பிய்த்து மறுபடி எண்ணாக்குகிறோம். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள ஸ்டாட் ஃபைலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வரி, ஸ்பேஸ் விட்டு 52 ஃபீல்டு, 14ஆவது யூசர் மோடில் செலவான சிபியு நேரம். வரியை ஃபீல்டு ஃபீல்டாகப் பிரிக்கும் ஆக் கமாண்டில் 14ஆவதை எடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டாவது ஃபீல்டில் அடைப்புக்குறிக்குள் ப்ராசஸ் பெயர் வருகிறதே, டெர்மினல்களை நிர்வகிக்கும் டிமக்ஸ் புரோகிராமின் சர்வர் ப்ராசஸ் பெயருக்கு நடுவில் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது, அவ்வளவுதான், எல்லாம் ஒன்று தள்ளிப்போய், சிபியு நேரம் இருக்க வேண்டிய இடத்தில் சைல்டு ப்ராசஸ்களின் பேஜ் ஃபால்ட் (கேட்ட மெமரிப் பக்கம் தயாராக இல்லாத தடவைகள்) கணக்கு வந்து நிற்கும். எர்ரர் எதுவும் வராது. பெயருக்குள் அடைப்புக்குறி வைக்கவும் தடையில்லை என்பதால், வரியின் கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி அங்கிருந்து எண்ண வேண்டும்.

இதை இனி திருத்தவும் முடியாது, ஏகப்பட்ட புரோகிராம்கள் இந்த வடிவத்தை நம்பி ஓடுகின்றன. மெம்இன்ஃபோவில் கேபி என்று போட்டிருப்பது பெயர்ப்படி 1000 பைட்டாக இருக்க வேண்டும், உண்மையில் 1024 பைட், அதுவும் அப்படியேதான் கிடக்கிறது.

நெட்வொர்க்கில் நிலைமை பரவாயில்லை. நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் பழைய நெட்ஸ்டாட் கமாண்ட், ப்ராக்கில் 0016 என்று ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) கிடக்கும் போர்ட்டை 22 என்று மாற்றி, வரிவரியாகப் படிக்கும். அதே வேலையைச் செய்யும் எஸ்எஸ் கமாண்ட், கெர்னலோடு நேரடியாகப் பேசும் நெட்லிங்க் வழியாக, எழுத்தாக்காத பைனரியாகவே வாங்கித் தானே அழகுபடுத்திக் காட்டுகிறது. கனெக்‌ஷன் அதிகமுள்ள சர்வரில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். என் ஓட்டு இதற்குத்தான்: கெர்னல் எண்ணைக் கொடுக்கட்டும், அலங்காரம் நம் வேலை.

பைனரியிலும் சிக்கல் உண்டு, ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் கெர்னலை மட்டும் புதுப்பித்தால், ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பழைய பிஎஸ் கமாண்ட், ஸ்ட்ரக்சர் (பைனரித் தகவல் அடுக்கப்பட்ட வடிவம்) அளவு ஒத்துவரவில்லை என்று முரண்டு பிடிக்கலாம். நெட்லிங்க் பல மதிப்புகளோடு அவற்றின் வகையையும் நீளத்தையும் சேர்த்தே அனுப்புவதால் அந்தத் தொல்லை குறைவு.

மெமரிக்கு இப்படி எண்ணாகவே வாங்க இன்னும் சரியான வழியில்லை. புரோகிராம் கெர்னலை நேரடியாகக் கேட்கும் சிஸ்இன்ஃபோ சிஸ்டம் கால் எண்ணாகத் தருகிறதுதான், ஆனால் நமக்கு வேண்டிய மெம்அவைலபிள் (புது புரோகிராம்களுக்குக் கிடைக்கக்கூடிய மெமரி) அதில் கிடையாது; மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கமாண்டே மெம்இன்ஃபோவைத்தான் பிய்த்துப் படிக்கிறது.