மொட்டைமாடிக் கருவாடு: வாங்கலாமா?

ஆடி பிறந்தால் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அதற்குக் கருவாட்டுக் குழம்பு என் பொறுப்பு. முப்பது வருஷம் காசிமேட்டுப் பக்கம் நர்சாக இருந்து, வந்தவர்களிடமெல்லாம் "உப்பைக் குறைங்க" என்று சொன்னவள், இப்போது தானே பிரஷர் மாத்திரை போடுகிறவள், கருவாட்டுக் கடையைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன், நாக்கு இன்னும் பெறவில்லை.

கடை என்பது பெரிய வார்த்தை. சென்னைப் பட்டினப்பாக்கத்தில் சீனிவாசபுரம் போகிற வழியில் ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், நாலு கூடை. பெயர்ப் பலகை கிடையாது. விற்கிற அம்மா பக்கத்துக் குடியிருப்பின் மொட்டைமாடியில்தான் காயவைக்கிறார். சவுக்குக் கட்டை கட்டி, அதன் மேல் பழைய வலையை இழுத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு பரண். மேலே இன்னொரு வலை, காக்காய்க்காக. காற்று அடியிலும் போவதால் சீக்கிரம் காய்கிறது. வாயில் போட்டால் மணல் நறநறப்பதில்லை, இதற்கே தனி மதிப்பெண்.

மணலிலேயே காயவைத்த குடும்பம் ஏன் மாடி ஏறியது என்று கேட்டேன். "கீழ எங்க நர்சம்மா எடம்? கடலு வீட்டாண்ட வந்துட்ச்சி" என்றார். சீனிவாசபுரத்தில் அலை வீட்டுச் சுவரைப் பிளந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, சரக்குக்கு வருவோம். நெத்திலி கால் கிலோ 140 ரூபாய். உப்பே போடாமல் காய்ந்தது. வெள்ளி நிறம் மங்காமல், ஒடித்தால் பட்டென்று ஒடிகிறது. தலையைக் கிள்ளி, வெந்நீரில் அலசி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு கேட்டார். முள்ளோடு தின்கிற மீன் என்பதால் சுண்ணாம்புச் சத்துக்கு இதை விட மலிவாக ஒன்று சொல்லத் தெரியாது. பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, நெத்திலியும் சாப்பிடச் சொல்லி அனுப்புவேன்.

சென்னாக்குன்னி, அதாவது காய்ந்த பொடி இறால், 100 கிராம் 60 ரூபாய். வறுத்துப் பொடித்தால் மணக்கிறது. குறை ஒன்றுமில்லை.

மத்திதான் பிரச்சினை. கால் கிலோ 70 ரூபாய். முதல் முறை அருமை. இரண்டாம் முறை வாங்கியதில் சிக்கு வாடை, வயிற்றுப் பக்கம் துரு மாதிரி மஞ்சள். அத்தோடு உப்பு கரித்தது. கழுநீரில் இருபது நிமிஷம் ஊறவைத்தும் போகவில்லை. திருப்பிக் கொண்டுபோனேன். அந்த அம்மா வாதாடவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

மத்தி கொழுப்பு மீன். வெயில் விட்டு விட்டு அடித்தால் காய்வதற்குள் எண்ணெய் கெட்டுவிடும். இரண்டு நாள் மேகமாக இருந்தால், மீன் அழுகாமல் இருக்க இன்னொரு கை உப்பு அள்ளிப் போடுவார்கள். "முன்னல்லாம் வானத்தப் பாத்தா தெரியும். கொண்டல் காத்து வந்தா ஒதுக்கி வெப்போம். இப்போ போன்ல பாத்தாலும் தெரியல. அதான் எதுக்கும் இருக்கட்டும்னு உப்பு சேத்துப் போட்டுர்றது." 2023 ஜூன் 19, நினைவிருக்கிறதா? ஆனி மாசத்தில் சென்னையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மழை. அன்று மாடியில் இருந்தது முழுவதும் போச்சாம். அதிலிருந்துதான் உப்புக்கை பெரிதானது என்கிறார். ஒரு மழையை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்லக் கூடாது, தெரியும். ஆனால் பயம் ஒரு மழையிலேயே வந்துவிடுகிறது, அந்தப் பயம் அப்படியே நம் தட்டுக்கும் வருகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. எண்ணெய் மத்தி என் சின்ன வயசில் மலையாளக் கரை மீன். இங்கே நாங்கள் தின்றது சின்னக் கவலை மீன். 1980களுக்குப் பிறகு மத்தி நம் கரையிலும் ஏராளமாக வலையில் படத் தொடங்கியது. கடல் சூடாவதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுதியிருக்கிறார்கள். இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ள மீனைக் கடலே கொண்டுவந்து கொடுக்கிறது, இதயத்துக்கு ஆகாத உப்பைப் போடாமல் அதைக் காயவைக்க வானம் விடமாட்டேன் என்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மத்தியில் நாலைந்து துண்டும் ஊறுகாயும் சேர்ந்தால் கணக்கு முடிந்தது.

நமக்காவது இது ஆசைக்குத் தின்பது. புயல் எச்சரிக்கை நாட்களில் படகு இறங்காத வீட்டில் கருவாடும் சோறும்தான் மூன்று வேளையும். ஐப்பசி, கார்த்திகையில் பிரஷர் பார்க்க வரும் பெண்களிடம் "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்பதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். மீன்பாடு இல்லாதபோது மாத்திரைக்கும் காசு இருக்காது. இது ஆய்வு இல்லை, என் நோட்டுப் புத்தகத்துக் கணக்கு.

நாலாவது கூடை காலி. அதில் முன்பு இறால் கருவாடு இருக்குமாம், எண்ணூர்ப் பக்கத்து இருளர் பெண்கள் பிடித்தது. கழிமுகத் தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் புண்ணான அவர்கள் விரல்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அப்புறம் அந்தச் சரக்கு வருவது குறைந்து, இப்போது இல்லை. கூடையை மட்டும் ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு காலை பத்து மணிக்குள் போங்கள், பிறகு நெத்திலி இருக்காது. செய்தித்தாளில் கட்டித் தருகிறார், மீனில் மை ஒட்டுகிறது, டப்பா எடுத்துப் போங்கள். போன் பே உண்டு. நெத்திலி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மத்தியை முகர்ந்து பார்த்து, வயிற்றுப் பக்கம் மஞ்சளில்லாமல் எடுங்கள். உப்பு கம்மியாக வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொன்னால் தனியாகப் போட்டுத் தருகிறார். நான் ஆடி மூன்றாம் வாரத்துக்கு ஒரு கிலோ சொல்லியிருக்கிறேன். முன்பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. "மொதல்ல காயட்டும் நர்சம்மா" என்றார்.