இன்னோவாவில் டிரெய்லர் கொக்கி: இரும்பு வேலையில் குறையே இல்லை, ஒயரிங்தான் உயிரை எடுக்கிறது

டிரெய்லர் ஒயரிங்கை மறுபடியும் முழுசாகப் பிரித்து மாற்றியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் கொக்கியைப் புகழ்ந்தே எழுதி முடித்துவிடுவேன், ஏனென்றால் கொக்கி உண்மையிலேயே நல்ல சாமான்.

வண்டி பழைய இன்னோவா, 2.5 டீசல். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பு. பெங்களூராதான் பெரும்பகுதி, ஓரமாகக் கொஞ்சம் செந்தூராவும் மல்கோவாவும் உண்டு. கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காயை வியாபாரியே லாரி வைத்து ஏற்றிக்கொள்வார், அதில் நமக்கு வேலை இல்லை. வீட்டுக்கும் சேலத்துச் சொந்தக்காரர்களுக்கும் போகிற பழம், சந்தூரில் வாங்கி வருகிற ஒட்டுக்கன்று, மருந்தடிக்கிற மிஷின், டிரம், ஏணி, இவைதான் வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி சீட்டை மடித்துவிட்டு கிரேட்டை அடுக்கினால் காம்பிலிருந்து வடிகிற பால் சீட்டுத்துணியில் கறுப்பாகப் பிடித்துவிடும், எத்தனை தேய்த்தாலும் போகாது, குழந்தைகள் கையில் பட்டால் புண்ணாகிவிடும். குடும்பம் மொத்தமும் உட்கார வாங்கிய வண்டியில் சித்திரை, வைகாசி முழுக்க பாதிப் பேர் பஸ்ஸில் வர வேண்டிய நிலை. தனியாக ஒரு குட்டி யானை (சின்ன லோடு வண்டி) வாங்குவதா, அதற்கு டிரைவர் வைப்பதா என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான் இன்னோவாவின் பின்னால் கொக்கி போட்டு ஒரு சின்ன டிரெய்லரை இழுக்கலாம் என்ற யோசனை வந்தது.

இரும்பு வேலையை ஓசூரில் ஒரு பட்டறையில் செய்தோம். செய்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம், அப்படி ஒரு வேலை. பழைய இன்னோவாவுக்கு அடியில் தனி சேஸி, அதாவது இரும்புச் சட்டகம் உண்டு, பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. கொக்கியின் குறுக்குச் சட்டம் சேஸியின் இரண்டு பக்கமும் போல்ட்டில் நிற்கிறது, ஓரிடத்திலும் சேஸியில் வெல்டிங் வைக்கவில்லை. சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும், பின்னாளில் விரிசல் அங்கேதான் விடும் என்று அவர் மறுத்தே விட்டார். அதிக வலுவான 10.9 கிரேடு போல்ட்டுகளை, முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினார், கொஞ்ச நாள் பாரம் இழுத்த பிறகு திரும்ப வரச்சொல்லி ஒவ்வொன்றையும் சோதித்துக் கொடுத்தார். சட்டத்தை ஸ்டெப்னிக்குப் பின்னால் தள்ளி வைத்ததால் ஸ்டெப்னி வழக்கம்போல இறங்குகிறது. இதைக் கவனிக்காமல் போட்டால் பஞ்சர் ஆன அன்றைக்குக் கொக்கியைக் கழற்றினால்தான் ஸ்டெப்னியை வெளியே எடுக்க முடியும். கொக்கி முனையில் இருக்கிற உருண்டை 50 மி.மீ., டிரெய்லர் பக்கம் அதைக் கவ்வுகிற கிண்ணமும் அதே அளவு. அமெரிக்கக் கிண்ணம் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் ஒவ்வொரு பள்ளத்திலும் டக், டக் என்று காதில் விழும், நாளடைவில் உருண்டையையும் தேய்த்துவிடும். இத்தனை மழைக்கும் தோப்புச் சேற்றுக்கும் பிறகு ஒரு போல்ட் கூடத் தளரவில்லை.

இழுப்பதிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாரத்தை எப்படி ஏற்றுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினாலும் சரி, கொக்கி மேல் அழுத்த வேண்டும். பின்பக்கம் பாரம் கூடிவிட்டால் டிரெய்லர் மூக்கைத் தூக்கும், வேகம் ஏறும்போது இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால் ஆட்டம் இன்னும் கூடும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையும் வரை பொறுக்க வேண்டும். அதனால் கிரேட்டுகளை அச்சுக்கு முன்பக்கம் கொஞ்சம் அதிகமாக அடுக்குகிறோம். 20 கிலோ கிரேட் 20 வைத்தால் 400 கிலோ, டிரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்தாலும் 750க்குள் அடங்கிவிடும். தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கிற உச்சவரம்பு அந்த 750 கிலோ, நாங்களும் அதைத் தாண்டுவதில்லை. என் மனைவி தோப்புப் பாதையில் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்க வேண்டும். டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும், திரும்ப ஆரம்பித்ததும் சட்டென்று நேராக்கித் தொடர வேண்டும். இந்தக் கணக்கு அவளுக்கு அத்தனை சீக்கிரம் பிடிபட்டது, இப்போது சீசனில் டிரெய்லர் வேலை பெரும்பாலும் அவள் கையில்தான். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம்.

சரி, ஒயரிங்குக்கு வருகிறேன்.

அதைச் செய்தது வேறு கடை, பெயர் வேண்டாம். டிரெய்லர் விளக்குகளுக்கு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்க, ஆன்லைனில் வாங்கிய நாலு பின் சாக்கெட் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். அது அமெரிக்க வண்டிகளுக்கு உண்டானது. அங்கே சியன்னா, ஒடிசி போன்ற குடும்ப வண்டிகளே 3,500 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 1,590 கிலோ, இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்து விற்கிறது. கொக்கியும் ஒயரும் அந்தந்த மாடலுக்கென்றே கிடைக்கும், வீட்டு வாசலில் படுத்துக்கொண்டே மாட்டிவிடுகிறார்கள். அந்த நாலு பின்னில் ஒன்று எர்த் (கரண்ட் திரும்பிப் போகிற வழி), ஒன்று பார்க்கிங் லைட், மீதி இரண்டும் இடது, வலது. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒயர், ஒரே பல்பு, சிவப்பு விளக்கே மினுக்கி இண்டிகேட்டர் வேலையும் பார்க்கும். நம் வண்டியில் இண்டிகேட்டர் மஞ்சள், பிரேக் சிவப்பு, இரண்டும் தனித்தனி ஒயர். கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே பின்னில் விட்டுவிட்டார்கள். பிரேக்கை மிதித்தால் இன்னோவாவின் மஞ்சள் இண்டிகேட்டர்களும் சேர்ந்து எரிந்தன. கேட்டதற்கு, "லைட் எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்று பதில். பின்னால் வருகிறவனுக்கு நான் நிற்கிறேனா திரும்புகிறேனா என்று எப்படித் தெரியும்?

அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டாவது ஆளிடம் ஏழு பின் வட்ட சாக்கெட் போட்டோம். நம் மாதிரி வண்டிக்கு அதுதான் சரி. ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பின், நிறம்கூட வகுத்து வைத்திருக்கிறார்கள்: மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், கறுப்பு இடது பார்க்கிங், பழுப்பு வலது பார்க்கிங், வெள்ளை எர்த், நீலம் பின்பக்க ஃபாக் லைட். இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஆனால் அவர் வெள்ளை ஒயரை டிரெய்லர் வரை இழுக்கவே இல்லை. கொக்கியே இரும்புதானே, எர்த் அது வழியாகப் போய்விடும் என்று விட்டுவிட்டார்.

என் கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான். உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கிரீஸ் இருக்கிறது, தூசி இருக்கிறது, துரு இருக்கிறது. வண்டி நிற்கும்போது பாரம் அழுத்தித் தொடர்பு கிடைக்கும், ஓடும்போது ஒவ்வொரு குலுக்கலிலும் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். எர்த் அறுந்துபோனால் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும், பிரேக் பல்புக்கு வந்த கரண்ட் பார்க்கிங் பல்பின் இழை வழியாகவும் இண்டிகேட்டர் பல்பு வழியாகவும் பின்னோக்கிப் போகும். அதனால் பிரேக் மிதித்தால் எல்லா விளக்கும் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட் துடிக்கும், சில நேரம் ஒன்றுமே எரியாது. கடையில் நிறுத்திப் பார்த்தால் எல்லாம் ஜோராக எரியும். "சார், நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தொப்பூர் கணவாயில் ஒருமுறையாவது ராத்திரி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது இறக்கம், வளைவு, பின்னால் பாரம் ஏற்றிய லாரிகள், சில லாரிகள் நியூட்ரலில் வரும். அந்த இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சின் பிடியில் மெதுவாகத்தான் டிரெய்லரை இறக்க முடியும், மெதுவாகப் போகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்வது அந்த இரண்டு சிவப்பு விளக்கும்தான். ஒரு மாலை நேரம் சேலத்துக்குப் பழம் கொண்டுபோகும்போது, கணவாய் ஆரம்பிப்பதற்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தியிருந்தோம். பின்னாலேயே வந்து நின்ற லாரி டிரைவர் இறங்கி வந்து, "அண்ணா, உங்க டிரெய்லர்ல ஒரு லைட்டும் எரியல, பார்த்துப் போங்க" என்றார். வண்டிக்குள் என் அம்மாவும் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த மனிதர் சொல்லாமல் போயிருந்தால் நாங்கள் அப்படியேதான் இறங்கியிருப்போம். அன்றைக்கு டிரெய்லரைக் கழற்றித் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, காலையில் வந்துதான் எடுத்துப் போனோம்.

டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. வண்டியில் ஒரு இண்டிகேட்டர் பல்பு போனால் மினுக்கல் வேகமாகும், அதை வைத்து நாம் கண்டுபிடிப்போம். டிரெய்லரில் இன்னொரு 21 வாட் பல்பு அதே லைனில் சேர்ந்துவிட்டால், ஒன்று போனாலும் மற்றதை வைத்து, இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற ரிலே வழக்கமான வேகத்திலேயே மினுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு எதுவுமே தெரியாது.

மூன்றாவது ஆள் வேலை தெரிந்தவர். எர்த்துக்குத் தனியாகத் தடித்த ஒயர், டிரெய்லர் விளக்குகளுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் போட்ட ஒரு லைன், நடுவில் ரிலே பாக்ஸ், வண்டியின் ஒயரிலிருந்து சிக்னல் மட்டும் எடுக்கிற மாதிரி. அதனால் இன்னோவாவின் சொந்த ஒயரிங்கில் கூடுதல் பாரம் ஏறுவதில்லை. இணைப்பு எல்லாம் சால்டரிங் செய்து மேலே சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டினார், டேப் சுற்றவில்லை. ரொம்ப நாள் பிரச்சினையே இல்லை. ஆனால் சாக்கெட் இருக்கிற இடம் பம்பருக்குக் கீழே, பின் சக்கரம் வாரி இறைக்கிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். போன மழைக்குப் பிறகு மறுபடி வலது பக்க விளக்கு துடிக்க ஆரம்பித்தது. மூடியைத் திறந்து பார்த்தால் பின்களில் பச்சைக் களிம்பு, ஒயரைச் சீவினால் உள்ளே ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்துப்போயிருக்கிறது. அதைத்தான் இப்போது சாக்கெட்டோடு மாற்றினோம். இந்த முறை சாக்கெட்டை உயர்த்தி, வாய் கீழ் நோக்கிச் சாய்ந்த மாதிரி வைத்து, பின்களில் வாசலின் தடவியிருக்கிறோம். டிரெய்லர் மாட்டாத மாதங்களில் மாசத்துக்கு ஒரு தடவையாவது மூடியைத் திறந்து பார்ப்பது என்று முடிவு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒருவர் பின்னால் நிற்க, ஒருவர் உள்ளேயிருந்து பார்க்கிங், இடது, வலது, பிரேக் என்று வரிசையாகப் போட்டுக் காட்டுவதும், பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் அடியில் குறுக்காக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் எங்கள் வீட்டில் சட்டம். குழந்தைகளே இப்போது அதைச் செய்யாமல் கிளம்ப விடுவதில்லை.

பாலக்கோட்டில் அக்கா வீட்டு மாமா இதே மாதிரி தன் இன்னோவா கிரிஸ்டாவுக்கும் போடலாமா என்று கேட்டார். தக்காளி ஏற்ற வேண்டுமாம். கிரிஸ்டாவுக்கும் தனி சேஸி உண்டு, அதனால் இரும்பு வேலையில் சிக்கல் இருக்காது. இன்னோவா ஹைகிராஸ், எர்டிகா வைத்திருப்பவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்து அப்படியே செய்துவிடக் கூடாது, அவற்றில் தனி சேஸி கிடையாது, கொக்கி எங்கே பிடிமானம் வாங்கும் என்பதே வேறு கணக்கு. அப்புறம் காகித வேலை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பட்டறைக்கே போக வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மாமாவிடம் வேண்டாம் என்றேன். கொக்கியால் எங்களுக்கு எவ்வளவு நன்மை என்று அவருக்கே தெரியும், எங்கள் வண்டி சீட்டு இப்போது சுத்தமாக இருக்கிறது, அம்மா கால் நீட்டி உட்கார்ந்து வருகிறார், எனக்குக் கொக்கியைக் கழற்றுகிற எண்ணமே இல்லை. இருந்தாலும் எர்த் ஒயரை இழுக்கச் சோம்பல்படுகிற ஆட்கள் கையில் இன்னொரு குடும்பம் தொப்பூரில் இறங்குவதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது ஆள் இப்போது பெங்களூருக்குப் போய்விட்டார், அவர் மாதிரி வேறொருவரைக் கண்டுபிடிக்கும் வரை வாடகைக்குக் குட்டி யானை பிடியுங்கள் மாமா என்றேன். "அப்போ உன் டிரெய்லரைக் கொடு" என்றார். தருகிறேன், எங்கள் இன்னோவாவோடு சேர்த்துத்தான், அதுவும் லைட்டையெல்லாம் என் முன்னால் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.