பழையகாயலுக்கு வந்த வெனிஸ்காரர்

மார்க்கோ போலோவின் பயண நூலை ஆங்கில மலிவுப் பதிப்பில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் வரும் காயல் துறைமுகம் எங்கள் பழையகாயல் என்பதுதான் காரணம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் கண்ணயர்ந்தால் தாண்டிப் போய்விடும் ஊர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரேபியாவின் ஏடனிலிருந்தும் பாரசீகத்தின் ஹோர்முஸிலிருந்தும் வந்த கப்பல்கள் அங்கே குதிரை இறக்கின என்றால் உப்பளத்தைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினாராம். பராமரிக்கத் தெரியாமல் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம். படிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இந்த நாட்டில் தையல்காரரே இல்லை என்றும் எழுதுகிறார். வேட்டியைத் தைக்க எதற்கையா தையல்காரர்?

ஆனால் தண்ணீர் குடிக்கும் பகுதியில் மனிதர் என்னை மடக்கிவிட்டார். பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் உயர்த்தி வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள். சொந்தப் பாத்திரம் இல்லாத அந்நியருக்குக் கையில் வார்க்கிறார்கள் என்கிறார். செம்பில் உதடு பட்டால் "எச்சில்!" என்று ஆச்சி போட்ட அதட்டல் காதில் கேட்டது. தினமும் அண்ணாந்து குடிக்கிற எனக்கு இது எழுதி வைக்கத்தக்க செய்தி என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பேரம் நடக்கும்போது 'டாரன்டுலா' குரல் கொடுத்தால், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்து முடிவெடுப்பார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. டாரன்டுலா என்றால் எட்டுக்கால் பூச்சியாயிற்றே, அது எப்போது பேசியது என்று குழம்பினேன். சுவரில் ஏறுவது, பல்லி போன்றது என்று அவரே சொல்வதைப் பிறகுதான் கவனித்தேன். பல்லி சொல்வதைத்தான் எழுதியிருக்கிறார்! அதற்கு விஷம் உண்டு என்றது மட்டும் அவருடைய பயம்.

பதிப்பைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல அதிகம் இல்லை. வரைபடம் கிடையாது, எழுத்து கடுகளவு. பசை விட்டு, முத்துக்குளிப்புப் பக்கங்கள் இரண்டாம் நாளே கையோடு வந்துவிட்டன. படங்களும் அடிக்குறிப்புகளும் உள்ள பழைய பதிப்பு நூலகத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சித்திக்கு அந்தத் தண்ணீர் குடிக்கும் பக்கத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். "அவர் எப்படிக் குடித்தாராம்?" என்று கேட்டாள். அதை அவர் எழுதவில்லை.