லாஹர் ஏரியா, டாவுன் மார் ஏரிகளா? ஐஃபெல் எரிமலைக் காட்டில் ஒருநாள் நடைக்கு எது?

ஜெர்மனியில் கோலோன், பான், கோப்லென்ஸ் பக்கம் இருப்பவர்களிடம் எரிமலை ஏரியைச் சுற்றி நடக்க எங்கே போகலாம் என்று கேட்டால் இரண்டு பெயர்தான் முதலில் வரும். ஒன்று, மரியா லாஹ் மடத்தை ஒட்டிய லாஹர் ஏரி. இன்னொன்று, டாவுன் ஊருக்குத் தென்கிழக்கே அடுத்தடுத்துக் கிடக்கும் மூன்று மார் ஏரிகள், அதாவது எரிமலை வெடிப்பில் பறிந்த குழியில் தேங்கிய ஏரிகள்: கெமுண்டனர், வைன்ஃபெல்டர், ஷால்கன்மேரனர். இரண்டுமே ஐஃபெல் மலைநாட்டில்தான். சிறு பிள்ளைகளோடும், ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் பெரியவர்களோடும் அடிக்கடி போக ஓர் இடம் வேண்டும் என்று பார்த்தபோது, நாங்கள் டாவுனைப் பிடித்துக்கொண்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டு இடத்திலும் நடக்க நுழைவுக் கட்டணம் கிடையாது. வழிகாட்டிப் பலகைகள் ஒழுங்காக இருக்கின்றன. சாப்பிடப் பக்கத்திலேயே இடம் உண்டு. போய்ச் சேர லாஹர்தான் சுலபம். நெடுஞ்சாலை 61-இல் மெண்டிக் வெளிவழியில் இறங்கினால் சில நிமிடத்தில் ஏரி. டாவுனுக்குக் கோலோனிலிருந்து போகிறவர்கள் நெடுஞ்சாலை 1-ஐ நம்பிக் கிளம்பினால், பிளாங்கன்ஹைம் தாண்டி அது இன்னும் கட்டி முடியாமல் நிற்கிறது; மீதி தூரம் ஊர்ச் சாலைதான். அரை மணி நேரமாவது கூடுதலாகப் பிடிக்கும்.

லாஹர் ஏரியின் பெருமையைக் குறைக்க முடியாது. ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வெடித்த எரிமலை ரைன் நதியையே அடைத்து நிறுத்தியது. அதன் சாம்பலை வடக்கே ஸ்வீடன் வரைக்கும் கண்டெடுத்திருக்கிறார்கள். அடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும் மேல்தளம் உள்ளே சரிந்தது, அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் ஏரி. பரப்பு 3.3 சதுர கிலோமீட்டர், ஆழம் 50 மீட்டருக்கு மேல். சுற்றிவர 8 கிலோமீட்டர் சுமார். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, பாதி வழிக்கு மேல் பீச், ஓக் மரங்களின் நிழல்.

கிழக்குக் கரையில் ஒரு காட்சி இருக்கிறது. காற்றில்லாத நாளில் கரையோரம் குனிந்து பார்த்தால், அடித்தரையிலிருந்து குமிழிகள் சரம் சரமாக மேலே வருவது தெரியும். வருவது கரியமில வாயு, கீழே இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலையின் மூச்சு. ஏதோ தண்ணீர் கொதிக்கிறது என்று நினைத்துப் பிள்ளைகள் கையை விட்டுப் பார்ப்பார்கள், சில்லென்றுதான் இருக்கும்.

மடமும் தனியாகப் பார்க்க வேண்டியதுதான். 1093-இல் தொடங்கியது, அங்கே இருப்பவர்கள் பெனடிக்ட் சபைத் துறவிகள். இந்த ஏரிக்கு இயற்கையான வடிகால் கிடையாது. அந்தக் காலத்தில் மழை கூடினால் தண்ணீர் ஏறி மடத்தைத் தொடும். 12-ஆம் நூற்றாண்டில் ஃபுல்பர்ட் என்ற மடாதிபதி மலைவிளிம்பைக் குடைந்து சுரங்கம் வெட்டித் தண்ணீரை வெளியேற்றினார். 1840-களில் இரண்டாவதாக இன்னொரு சுரங்கம் வெட்டி மட்டத்தை இன்னும் இறக்கினார்கள். மடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இன்று புல்வெளியாக இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி அப்படி வெளிப்பட்டதுதான். மரமில்லாத அந்தப் பகுதியில் ஜூலை வெயிலில் நடப்பது கொஞ்சம் சிரமம்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் டாவுன்?

டாவுனில் இருப்பவை வேறு வகை ஏரிகள். மேலே ஏறிவந்த பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீராவி வெடித்துப் பூமியில் குழி பறித்திருக்கிறது. 20,000 முதல் 30,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. லாஹர் மாதிரி ஒரே பெரிய நீர்ப்பரப்பு இல்லை. ஒவ்வொன்றும் கிண்ணம்போல் உருண்டை, பார்வைக்குள் மொத்தமாக அடங்கிவிடும். ஆனால் சின்னது என்று குறைத்து எடைபோட வேண்டாம். வைன்ஃபெல்டர் ஏரி பரப்பில் லாஹர் ஏரியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான்; ஆழமோ 51 மீட்டர், கிட்டத்தட்ட லாஹர் அளவுக்கே.

மூன்றும் மூன்று முகம். கெமுண்டனர் ஏரியைச் சுற்றிச் செங்குத்தான சரிவு, தண்ணீர் ஓரம் வரை காடு. உச்சி வெயிலிலும் பாதை குளுமையாக இருக்கும். வைன்ஃபெல்டர் கரையில் சில பக்கம் மரமே இல்லை, புல்லும் புதரும்தான். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் புதரெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதன் கரையில் ஒரு வெள்ளைச் சிற்றாலயமும் கல்லறைத் தோட்டமும் உண்டு. வைன்ஃபெல்ட் என்ற ஊர் அங்கே இருந்திருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து ஊர் அழிந்தது, கோயில் மட்டும் மிஞ்சியது. கீழேயிருக்கும் ஷால்கன்மேரன் கிராமத்தார் இன்றும் தங்கள் இறந்தவர்களை இங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்கிறார்கள். இறந்தோர் ஏரி என்ற பெயரும் இதற்கு உண்டு. மூன்றாவதான ஷால்கன்மேரனர் ஏரி கிராமத்தை ஒட்டியே இருப்பதால் வீடு, தோட்டம், சாப்பாட்டுக் கடை எல்லாம் பக்கத்திலேயே.

வைன்ஃபெல்டருக்கும் ஷால்கன்மேரனருக்கும் நடுவில் ஒரு மேட்டு விளிம்பு, அதன்மேல் ஒரு சாலை. விளிம்பில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் வைன்ஃபெல்டர் கொஞ்சம் கீழே தெரியும், மறுபக்கம் திரும்பினால் ஷால்கன்மேரனர் வெகு ஆழத்தில். இரண்டின் நீர்மட்டத்துக்கும் 60 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஏரிகள், ஒன்றின் தண்ணீர் இன்னொன்றைவிட அவ்வளவு உயரத்தில் நிற்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

ஆனால் எங்கள் முடிவுக்குக் காரணம் இந்த அழகு எதுவும் இல்லை. நடையை எங்கே வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வசதிதான். பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். லாஹர் ஏரி ஒரே வளையம். கிழக்குக் கரைக் காட்டுக்குள் நான்கு கிலோமீட்டர் நடந்த பிறகு ஒருவருக்கு மூட்டு வலித்தால் முன்னே போனாலும் நான்கு, திரும்பினாலும் நான்கு. குறுக்கு வழி இல்லை, நடுவில் தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் தொந்தரவு உண்டு. லாஹர் பாதை சமதளம்தான், நடந்துவிடலாம் என்று எவ்வளவு சொன்னாலும், வழியில் முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கவலை முதல் அடியிலிருந்தே அவரோடு வரும். அந்தக் கவலையோடு நடக்கிறவர் ஏரியைப் பார்ப்பதில்லை, பாதையைத்தான் பார்க்கிறார்.

டாவுனில் கெமுண்டனர் ஏரியை மட்டும் சுற்ற அரை மணி நேரம் போதும். நீர்ப்பரப்பின் குறுக்களவே 300 மீட்டர்தான், பாதையும் சமம். "எனக்கு இது போதும்ப்பா, நீங்க மேல போய்ட்டு வாங்க" என்று அம்மா தண்ணீரோரம் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். அப்புறம் தெம்பிருக்கிறவர்கள் மொய்சபெர்க் குன்றில் ஏறலாம். ஏரிமட்டத்திலிருந்து உச்சிக்கு 150 மீட்டர் ஏற்றம், மூச்சு வாங்கும். உயரம் 561 மீட்டர். உச்சியில் 1902-இல் கட்டிய ட்ரோங்க கோபுரம், ஐஃபெல் சங்கத்தை நிறுவிய அடால்ஃப் ட்ரோங்கவின் நினைவாக. அங்கிருந்து இறங்கினால் வைன்ஃபெல்டர், சாலையைக் கடந்தால் ஷால்கன்மேரனர். மூன்றையும் கோத்து நடந்தால் 10 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். கெமுண்டனரிலும் மேட்டு விளிம்பிலும் கிராமத்திலும் கார் நிறுத்த இடம் இருப்பதால், ஓட்டுகிறவர் காரைச் சுற்றிக் கொண்டுவந்து அடுத்த ஏரியில் எல்லாரையும் சந்தித்துவிடலாம். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தூரம் நடந்துவிட்டு ஒரே மேசையில் சாப்பிடுவது இப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்று, குளிப்பது. லாஹர் இயற்கைக் காப்பிடம், முகாம் மைதானம் பக்கம் தவிர மற்ற இடத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது. டாவுனில் கெமுண்டனரிலும் ஷால்கன்மேரனரிலும் கோடையில் குளியல் துறைகள் திறந்திருக்கும். வைன்ஃபெல்டரில் மட்டும் இறங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும், நடக்கச் சொன்னால் மறுபேச்சு வராது.

இரண்டு விஷயத்தில் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் டாவுன் போனதெல்லாம் வசந்தத்திலும் கோடையிலும். பனி உறைந்த காலத்தில் மொய்சபெர்க் இறக்கம் எப்படியிருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. குளிர்காலத்துக்கு லாஹரின் சமதளப் பாதைதான் நல்லதாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதேபோல, லாஹரில் கரையோர வளையத்தைத்தான் நடந்திருக்கிறேன். மலைவிளிம்பு வழியாகப் போகும் நீண்ட பாதையை முழுசாக நடந்தவர்கள் என் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

தனியாகவோ, நன்றாக நடக்கும் நண்பர்களோடோ, ஒரே ஒரு நாள் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் யோசிக்காமல் லாஹர் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் மடத்தின் பக்கம் கூட்டம் தாங்காது. குடும்பத்தோடு டாவுன் போகிறவர்கள் கெமுண்டனரில் தொடங்குங்கள். நிழலும் சமதளமும் முதலில் கிடைக்கும். பிற்பகலில் நேரம் மிஞ்சினால் காரில் கில்லன்ஃபெல்ட் ஊர்ப் பக்கம் போய்ப் புல்வர்மார் என்ற இன்னொரு மார் ஏரியையும் பார்த்துவிடலாம். 70 மீட்டருக்கு மேல் ஆழம், ஏறக்குறைய முழு வட்டம், சுற்றிலும் பீச் காடு. அதையும் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி முடிக்கலாம்.