சிக்கிய ஃப்ளைவீலைக் கழற்ற எது நல்லது: புல்லரா, சுத்தியலா, சூடா?

புல் வெட்டும் டிராக்டரில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்றால், ஃபியூஸ், ஒயர், ரெகுலேட்டர் எல்லாம் பார்த்த பிறகு சந்தேகம் ஸ்டேட்டர் மேல்தான் வரும், அதாவது பேட்டரிக்கு மின்சாரம் உண்டாக்கும் கம்பிச் சுருள் மேல். அது உட்கார்ந்திருப்பதோ எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில். எங்கள் வண்டியில் இருப்பது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் 17.5 ஹெச்பி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். நட்டு கழன்றுவிட்டது, ஃப்ளைவீல் அசைய மறுத்தது. அமெரிக்காவில் புறநகரில் வீடு வாங்கி, அரை ஏக்கர் புல்லோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த வேலை வந்தே தீரும். நான் தேர்ந்தெடுத்தது போல்ட் வைத்து இழுக்கும் புல்லர். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், அது ஏன் இப்படிச் சிக்குகிறது என்று பார்த்துவிடலாம்.

எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனை கூம்பு போலச் சரிவாக இருக்கும். ஃப்ளைவீலின் நடுத்துளையிலும் அதே சரிவு. நட்டை இறுக்கும்போது, ஒன்றுக்குள் ஒன்று போட்ட எவர்சில்வர் டம்ளர்கள் மாதிரி இரண்டும் கவ்விக்கொள்கின்றன. ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கவ்வல்தான், பக்கத்தில் செருகியிருக்கும் சின்ன கீ அல்ல. கீயின் வேலை, ஃப்ளைவீலிலுள்ள காந்தம் சரியான நேரத்தில், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கடக்கும்படி இடம் காட்டுவது மட்டும்தான். பிரிக்ஸ் எஞ்சின்களில் அது மெத்தென்ற அலுமினியம். பல வருட ஈரத்தில் துருவும் சேர்ந்துவிட்டால் பிடி இன்னும் இறுகும்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலைகள் ஒன்றுதான்: பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றுங்கள். மேல்மூடியையும் விசிறியையும் எடுங்கள். காயிலைத் தள்ளி வையுங்கள். மூடிக்கு அடியில் எலி கூடு கட்டியிருந்தால் அதையும் வாரிப் போடுங்கள், இந்த வண்டிகளில் அது சகஜம். நட்டைத் திறக்க ஃப்ளைவீலின் இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பிடிக்க வேண்டாம், இறக்கை ஒடியும். இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் நொடியில் முடியும், இல்லாவிட்டால் பட்டை ரெஞ்சால் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்று கால் புல்லரை ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறேன்: அது விளிம்பைப் பிடித்து இழுக்கும், சிக்கியிருப்பதோ நடுவில். அலுமினிய ஃப்ளைவீல் வளையும், அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும் பொருளில் விரிசல் என்பது விளையாட்டல்ல.

சுத்தியல் வழிக்கு ஆதரவாளர்கள் அதிகம். அடியில் நெம்புகம்பி கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடித்து, கிராங்க் முனையில் ஒரு தடித்த மூடியைத் திருகி, அதன் மேல் நறுக்கென்று ஒரு அடி. டெக்கம்சே எஞ்சின்களுக்கு இதற்கென்றே தனி மூடி விற்றார்கள். புல்லருக்கான துளையே இல்லாத ஃப்ளைவீலுக்கு வேறு நல்ல வழியும் கிடையாது. காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஆனால் அந்த அடி எங்கே போய்ச் சேருகிறது என்று யோசியுங்கள். எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது இந்த ஒரு கேள்விதான். டிராக்டர் எஞ்சினில் கிராங்க் செங்குத்தாக நிற்கிறது. மேலே விழும் அடி நேராகக் கீழே இறங்கி, ஷாஃப்டைத் தாங்கும் அடிமூடியில் முட்டும். மூடி போடாமல் அடித்தால் முனையின் மரை நசுங்கி, நட்டு திரும்ப ஏறாது. நெம்புகம்பியைத் தப்பான இடத்தில் கொடுத்தால் ஸ்டேட்டர் சுருள் கிழியும், எந்தப் பாகத்தை மாற்ற வந்தோமோ அதைச் சுற்றியுள்ளதும் கெடும். ஃப்ளைவீல் கெட்டால் இன்னொன்று வாங்கி மாட்டலாம். கிராங்க் கெட்டால் எஞ்சினையே பிரிக்க வேண்டும், பழைய வண்டிக்கு அந்தச் செலவு கட்டாது.

போல்ட் புல்லரில் இந்தக் கவலை குறைவு. ஃப்ளைவீலின் நடுக்குமிழுக்குப் பக்கத்திலேயே துளைகள் இருக்கும். போல்ட் அங்கேதான் இழுக்கிறது, நடுத்திருகு கிராங்க் முனையில் அழுத்துகிறது. விசை முழுவதும் சிக்கிய இடத்திலேயே வேலை செய்கிறது, விளிம்புக்கோ அடிமூடிக்கோ போவதில்லை. பிரிக்ஸே இதற்குப் புல்லர்கள் விற்கிறது. வாங்க மனமில்லை என்றால் ஆட்டோஸோன் கடையில் ஸ்டியரிங் வீல் புல்லரை முன்பணம் கட்டி எடுத்து வரலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதாகக் கைக்கு வரும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. பல பிரிக்ஸ் ஃப்ளைவீல்களில் அந்தத் துளைகளில் மரை இருக்காது. துளையை அளந்து, டேப் என்ற மரை வெட்டும் கருவியில் பொருத்தமானதை எடுத்து நாமே மரை வெட்ட வேண்டும், கொஞ்சம் எண்ணெய் விட்டு, பொறுமையாக. போல்ட் நாலைந்து சுற்று மட்டும் ஏறினால் அலுமினியம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதற்காக ஆழமாக ஏற்றினால் மறுபக்கம் எட்டிப் பார்த்து ஸ்டேட்டரில் குத்தும். எவ்வளவு நீளம் போகலாம் என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். எல்லா போல்ட்டும் சம ஆழத்தில் இருக்கட்டும், புல்லரின் பட்டை ஃப்ளைவீலுக்கு இணையாக நிற்க வேண்டும். நட்டை முழுதாக எடுத்துவிடாமல், கிராங்க் முனையோடு சமமாக வரும்வரை திருகி விடுங்கள், மரைக்கு அது காவல்.

அப்புறம் நடுத்திருகை இறுக்குங்கள். கை சொல்லும் அளவுக்கு இறுகியதும் நிறுத்தி, திருகின் தலையில் சுத்தியலால் ஒரு சின்னத் தட்டு. வரவில்லையா? கால் சுற்று இறுக்கி மறுபடி தட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் பிபி பிளாஸ்டர் மாதிரி ஊடுருவும் எண்ணெயை அடித்து, இறுக்கிய நிலையிலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது: காலையில் ஒரே தட்டில் 'டப்' என்று சத்தம், ஃப்ளைவீல் நட்டில் வந்து முட்டி நின்றது.

சூடு காட்டும் வழியில் எனக்கு அனுபவம் குறைவு. நடுக்குமிழ் விரிந்து பிடி தளரும் என்பது சரிதான். ஆனால் காந்தங்கள் பசையால் ஒட்டியிருக்கலாம், அடியில் ஆயில் சீலும் ஸ்டேட்டரும் இருக்கின்றன. எண்ணெய் அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும். செய்தே ஆகவேண்டும் என்றால் புல்லர் இறுகியிருக்கும்போது, ஹீட் கன்னால், நடுவில் மட்டும் காட்டுவேன். கோலர் எஞ்சின்களிலும் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றில் பலவற்றில் நட்டுக்குப் பதில் போல்ட் இருக்கும், அதனால் முனையிலுள்ள துளையின் மரையைக் காப்பாற்ற அந்த போல்ட்டையே பாதி திருகி விட வேண்டும்.

திரும்ப மாட்டும்போது சரிவில் எண்ணெயோ கிரீஸோ ஒட்டியிருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் துடைத்துக் காய விடுங்கள். பழைய கீயைப் போடாமல் புதியது போடுங்கள். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வெகுவாக மாறும், கையேட்டைப் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.